சிவப்பு அரளி வந்த நாள்

அன்றைக்குக் காரமடை கல்யாண மண்டபத்தில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மேடையில் மூன்று நாற்காலி. நடுவில் டாக்டர் சென்னியப்பன். வலப்பக்கம் விவசாயிகள் சங்கத் தலைவர் ரங்கசாமி. இடப்பக்கம் சங்கப் பொருளாளர், மடியில் வெற்றிலைத் தட்டோடு. கீழே முதல் வரிசையில் என் அக்கா வள்ளியம்மாளும் அவள் வீட்டுக்காரர் மயில்சாமி மச்சானும். அவர்களுக்குப் பின்னால், மேகத்துக்கு மருந்து போடுவதற்காகச் சங்கத்தில் பணம் கட்டிய குடும்பங்கள். பந்திக் கதவருகே கோட்டைமேட்டுத் தகர வேலைக்காரர் சாதிக் பாய். செருப்பு விடும் இடத்தில், வெளியே போக வழி பார்த்துக்கொண்டு, நான். அதிகாரி ஒருவர் வருவதாக இருந்தது, வரவில்லை.

இதை இப்படிச் சொல்லக் காரணம் இருக்கிறது. இப்போது செல்போனில் ஒரு வீடியோ சுற்றுகிறது. மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு விவசாயிகளை ஏமாற்றிய விஞ்ஞானி என்று அதில் டாக்டரைச் சொல்கிறார்கள். காரமடையில் ஊரே திரண்டு அவரைச் செருப்பால் அடித்து விரட்டியதாகவும், பேசுகிறவர் அதைக் கண்ணால் பார்த்ததாகவும் வருகிறது. செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றவன் நான். ஒரு செருப்பும் இடத்தை விட்டு நகரவில்லை.

போன மாதம், டிரோன் விட்டு மழை பெய்ய வைக்கும் கம்பெனியில் வேலை செய்யும் பெண் ஒருத்தி கணபதிப் பகுதியில் இருக்கும் என் வீட்டைத் தேடி வந்தாள். அந்த நாள் மழையின் போட்டோ ஏதாவது இருக்குமா, கம்பெனி விளம்பரத்துக்கு வேண்டும் என்று கேட்டாள். நல்ல பிள்ளை. நடந்ததைச் சொன்னேன். காபி ஆறிப்போகும் வரை கேட்டுவிட்டு, "இதை எழுதி வெச்சிருங்க ஐயா" என்று சொல்லிப் போனாள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். எழுதும்போதே, எதையாவது கூட்டிச் சொல்லிவிடுவேனோ என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அந்த அடிப்புத்தான் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது, அதனால் அதை நான் குறை சொல்வதில்லை.

கணபதியில் ஒரு சின்ன வொர்க்‌ஷாப்பில் கேஸ் வெல்டிங்குக்குக் கையாளாக இருந்தேன். சிலிண்டர் வால்வை மூடுவேன்; நாலு எட்டு வைத்த பிறகு திரும்பி வந்து மறுபடியும் பார்ப்பேன். வீட்டுக்குப் போகிற வழியில் சந்தேகம் வந்தால் பாதியிலிருந்து சைக்கிளைத் திருப்புவேன். முதலாளிக்கு என்னைக் கண்டாலே எரிச்சல். ஒரு நாள் பர்னர் செய்யச் சொல்ல வந்திருந்த ஒருவரிடம், "இந்தாளை வெச்சுக்கிட்டு ஒரு நாள் வேலை ரெண்டு நாளாகுதுங்க, மூடுன வால்வையே மூடிக்கிட்டிருக்கறான்" என்று என் காதுபடச் சொன்னார். வந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு ஹைட்ரஜன் வேலைங்க. இவரை எனக்குக் குடுத்துருங்க" என்றார். என்னை 'இவர்' என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். அவர்தான் டாக்டர் சென்னியப்பன்.

வேலை பழகிய காலத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பலூனில் ஹைட்ரஜன் அடைப்பது, அது எவ்வளவு தூக்குகிறது என்று எடை கட்டிப் பார்ப்பது, விட்டபின் தியோடலைட் என்ற தொலைநோக்கி வழியாக அதை விடாமல் துரத்தி, நிமிடத்துக்கு ஒரு தரம் கோணம் படிப்பது, அதிலிருந்து மேலே காற்று எப்பக்கம் ஓடுகிறது என்று கணக்குப் போடுவது. ஒரு மழைக்காலம் முழுக்கத் திட்டு வாங்கினேன். டாக்டரின் திட்டு விசித்திரமானது. "எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேட்பார். காற்று மேற்கே போகுதுங்க என்றால், "எப்படித் தெரியும்?" டீ சூடாக இருக்குதுங்க என்றாலும் அதே கேள்வி. குடித்துப் பார்த்தேனுங்க என்று சொன்னால்தான் வாங்கிக்கொள்வார்.

அவரைப் பற்றி ஊரில் நல்ல பேச்சு இருந்ததில்லை. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து பெரிய இடத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர். மேகத்தில் மருந்து தூவினால் மழை வரும் என்று எல்லோரும் மேடையேறிச் சொன்ன ஒரு கூட்டத்தில், "தூவாத நாளையும் யாராச்சும் கணக்கு வெச்சீங்களா?" என்று கேட்டிருக்கிறார். யாரும் வைத்திருக்கவில்லை. அப்புறம் அவருக்கு அந்த இடத்தில் நாற்காலி இல்லை. சொந்தச் சேமிப்பில் மேட்டுப்பாளையம் ரோட்டோரம் ஒரு தகரக் கொட்டகையைப் பிடித்து வேலையைத் தொடங்கினார். கொட்டகையைப் போட்டுக் கொடுத்தவர் சாதிக் பாய். வேன் ஓட்டினதும் அவரே.

பிறகு அந்த வறட்சி வந்தது. காரமடைப் பக்கம் போர்வெல் எல்லாம் புழுதியாகக் கக்கிற்று. மச்சான் வாழைக்கு லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றிக்கொண்டிருந்தார். விவசாயிகள் சங்கம் டாக்டரைத் தேடி வந்தது. பாதிப் பணம் முன்னால், மீதி மழை பெய்த பிறகு என்று பேச்சு. பாய், நான் என்று எங்கள் இரண்டு பேர் சம்பளமும் அந்த மீதியில்தான். டாக்டர் முதல் நாளே சங்கத்தாரிடம் சொன்னார்: எல்லா நாளும் மருந்து போட மாட்டேன், சில நாள் மருந்தில்லாமல் வெறும் புகைதான் விடுவேன், எது எந்த நாள் என்று கடைசியில்தான் சொல்வேன், அப்போதுதான் மருந்து வேலை செய்கிறதா என்று தெரியும். தலையை ஆட்டினார்கள். மாத்திரையை எப்போது போட வேண்டும் என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொல்வாரே, அது போல எடுத்துக்கொண்டார்கள்.

எங்களிடம் விமானம் கிடையாது. அடுப்புத்தான். ஆள் உயரத்துக்குத் தகரக் குழாய், கீழே பர்னர்; எல்லாம் சாதிக் பாய் செய்தது. வெள்ளி அயோடைடு என்ற மருந்தைக் கரைத்த அசிட்டோன் திரவத்தை அதில் எரித்தால் வரும் புகை காற்றோடு ஏறி மேகத்துக்குள் போகும் என்பது கணக்கு. "வெள்ளியக் கரைச்சு ஆகாசத்துக்கு உடறீங்களே, என்ற ஊட்டுக்காரிக்கு ஒரு சோடிக் கொலுசுக்கு ஆகுமுங்களே" என்பார் பாய். மருந்தில்லாத நாளில் வெறும் அசிட்டோன். வாசமும் புகையும் ஒன்றுதான். பக்கத்தில் நின்று மூக்கை நீட்டினாலும் வித்தியாசம் தெரியாது. சுற்றுவட்டாரத்தில் எங்களுக்காக மழைமானி பார்த்து அளவு எழுதியவர்களுக்கும் தெரியக் கூடாது. மருந்து நாள் என்று தெரிந்துவிட்டால் அளக்கிற கண் தன்னை அறியாமல் ஒரு கோடு மேலே படித்துவிடும் என்பார் டாக்டர்.

எந்த நாள் மருந்து, எந்த நாள் வெறும் புகை என்பதை யார் முடிவு செய்வது? இங்கேதான் அவர் பேர் அதிகம் கெட்டது.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் பேசினாலும், கிணறு வெட்டினாலும் கோயிலில் பூக் கேட்பது வழக்கம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், இரண்டும் ஒரே மாதிரி மடித்து சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் சரி. சிவப்பு வந்தால் அந்தப் பேச்சு அதோடு நின்றுவிடும். டாக்டர் அதை அப்படியே கொட்டகைக்குக் கொண்டுவந்தார். வெள்ளை அரளி வந்தால் மருந்து, சிவப்பு அரளி வந்தால் வெறும் புகை. முதலில் காசு சுண்டித்தான் பார்த்தார். ஆனால் காசு உருண்டு மேசைக்கு அடியில் போனால் இன்னொரு முறை சுண்டலாமா என்று மனசு கேட்கிறது என்றார். பூவில் அந்தப் பேச்சு கிடையாது. இங்கே பிறந்த யாருக்கும் இரண்டாம் முறை கேட்கக் கை வராது.

படித்தவர்கள் பூப்போட்டு விஞ்ஞானம் பண்ணுகிறார் என்று சிரித்தார்கள். சாமி கும்பிடுகிறவர்கள் சாமி காரியத்தைப் புகைக்கூண்டுக்கு இழுத்துவிட்டார் என்று கோபித்தார்கள். இரண்டு பக்கத்துக்கும் அவர் ஒரே பதில்தான் வைத்திருந்தார்: "என்ற கைய நான் நம்பறதில்லீங்க. அவ்வளவுதான்."

முறை இப்படி. நான் காலையில் பலூன் விட்டுக் காற்றின் போக்கைச் சொல்வேன். மத்தியானம் மலைப்பக்கம் மேகம் கூடும். டாக்டர் வெளியே நின்று வெகு நேரம் பார்ப்பார். தகுதியான மேகம் என்று பட்டால் "எடுத்துக்கலாமுங்க" என்பார். அந்தச் சொல்லுக்கு முன்னால் பூவைத் தொடக் கூடாது. பூ எடுத்த பின் மேகத்தைப் பற்றிப் பேசக் கூடாது. கதவைச் சாத்திக்கொண்டு நான் எடுப்பேன், அவர் சுவரைப் பார்த்து நிற்பார். பொட்டலங்களை மடிப்பது நான்தான் என்பதால் எனக்கே தெரிந்துவிடுமோ என்று பயம். கண்ணை மூடிக்கொண்டு டப்பாவை உலுக்குவேன். போதாது என்று மறுபடியும் உலுக்குவேன். "போதுமுங்க, பூவுக்குத் தல சுத்தீரும்" என்பார் சுவரிடம்.

ஐப்பசி கடைசி. மழை பொய்த்துவிட்டது என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். எங்கள் சோதனையில் இன்னும் சில நாள்தான் மீதி. அக்கா அதற்கு முந்தின வாரம் என்னைக் கூப்பிட்டு, கழுத்திலிருந்த சங்கிலியைக் காட்டி, "இதயும் அடகு வெச்சு சங்கத்துல இன்னொரு பங்கு கட்டறோம் கண்ணு, நீ இருக்கறீல்ல, பாத்துக்க" என்றிருந்தாள். அந்த மத்தியானம் நீலகிரிப் பக்கம் எழும்பிய மேகத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அடியில் கரும்பலகை மாதிரி தட்டையாக, மேலே காலிஃபிளவர் மாதிரி குமுறிக் குமுறி ஏறிற்று. டாக்டர் அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. "எடுத்துக்கலாமுங்க" என்றார்.

நான் டப்பாவைத் தள்ளி வைத்தேன். இன்றைக்கு நான் எடுக்க வேண்டாமுங்க, என் கை அக்கா தோட்டத்தைத்தான் நினைக்குது என்று சொன்னேன். டாக்டர் திரும்பி என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் அன்று கண்டதை மரியாதை என்றுதான் சொல்வேன். கதவைத் திறந்து பாயைக் கூப்பிட்டார்.

பாய் டப்பாவைப் பார்த்துத் தயங்கினார். "சாமிக்குக் கேக்கற பூவுங்க இது. நான் எடுக்கலாமுங்களா?"

"சாமிக்கு இல்லீங்க பாய். எனக்குத்தான்."

பாய் கையைத் துண்டில் துடைத்துவிட்டு எடுத்தார். பிரித்தார். சிவப்பு.

நான் வெறும் அசிட்டோன் கேனைத் தூக்கிக்கொண்டு போய் அடுப்பில் மாட்டினேன். மருந்துக் கேன் பக்கத்திலேயே இருந்தது. வால்வைத் திறந்தேன், மறுபடியும் கேனின் அடையாளத்தைப் பார்த்தேன். இன்றுவரை நான் மார்தட்டிச் சொல்லக்கூடியது ஒன்று உண்டென்றால் அது இதுதான்: சரியான கேனை மாட்டினேன். புகை ஏறுவதைப் பார்த்து ரோட்டில் போனவர்கள் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக் கும்பிட்டுப் போனார்கள்.

சாயந்திரம் மழை வந்தது. சாரலாகத் தொடங்கி, தகரக் கூரையில் கல்லைக் கொட்டினாற்போல் பெய்தது. ஓடைப் பள்ளத்தில் வெகுகாலத்துக்குப் பிறகு தண்ணீர் ஓடியது. டாக்டர் வாசலில் இறங்கி நனைந்துகொண்டே நின்றார்.

"நல்ல மழைங்க" என்றார். "ஆனா நம்முளுது இல்ல."

"யாரோடதா இருந்தா என்னங்க, நனையுங்க" என்றார் பாய்.

மறுநாள் காலையில் தலைவர் ரங்கசாமி ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். மண்டபத்தில் பாராட்டு விழா, பந்தி, மீதிப் பணத்தைத் தட்டில் வைத்துத் தருவது என்று ஏற்பாடு. சோதனை முடியட்டும், அதுவரை விழா வேண்டாம் என்று டாக்டர் எவ்வளவோ சொன்னார். கேட்கவில்லை. பக்கத்து ஊர்க்காரர்களும் சங்கத்தில் சேரப் போகிறார்களாம், நகை அடகுக்குப் போயாகிவிட்டதாம், விழாவிலேயே அடுத்த பருவத்துக்குப் பணம் கட்டுவார்களாம். அதைக் கேட்டதும் டாக்டர், விழாவுக்கு வருகிறேன் என்றார்.

மண்டபத்துக்குப் போகும் வழியெல்லாம் வேனில் நான் கெஞ்சினேன். பொய் சொல்ல வேண்டாம், சும்மா இருந்தால் போதும். சிவப்பு என்று இப்போதே சொல்லிவிட்டால் மழைமானி பார்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்துபோகும். இத்தனை நாள் கட்டிக் காத்த சோதனை பாழாகும். வேறு யாருமல்ல, நீங்களே அதைக் கெடுத்ததாக ஆகும் என்றேன். அவர் வாழ்நாளுக்கும் ஆசைப்பட்டது அந்த ஒரு பதில்தான். அதற்கு இன்னும் சில பூக்கள்தான் பாக்கி.

"கெட்டுத்தான் போகுமுங்க" என்றார். "அவங்க சங்கிலி அதுக்கு முன்னாடி போயிருமே."

அவர் அதை என் அக்காவை நினைத்துச் சொன்னாரா, தெரியாது. நான் அவரிடம் சங்கிலியைப் பற்றிச் சொன்னதே இல்லை.

தலைவர் மாலையைத் தூக்கினார். டாக்டர் எழுந்து நின்று கையால் தடுத்தார். மைக்கைப் பக்கத்தில் இழுக்கவில்லை. ஆனாலும் கடைசி வரிசை வரை கேட்டது.

"அன்னிக்கு அடுப்புல மருந்து இல்லீங்க. வெறும் புகைதான். மழை அதுவா வந்துதுங்க."

பிறகு தலைவர், மாலை கையிலேயே இருக்க, மெதுவாகக் கேட்டார். "ஏனுங்க டாக்டர், மேகம் தல மேல நின்னுது. மருந்து கையில இருந்துது. போடாமயா உட்டீங்க?"

"முதல் நாளே சொன்னேனுங்க."

"சொன்னீங்க. எங்களுக்கு இப்பத்தான் வெளங்குது."

மச்சான் திரும்பி, வாசல்வரை கண்ணை ஓட்டி என்னைக் கண்டுபிடித்தார். "மாப்ள, நீயும் தெரிஞ்சுக்கிட்டே கம்முனு இருந்துபோட்டயா?" நான் கீழே கிடந்த செருப்புகளைப் பார்த்தேன். டாக்டர் பூக் கேட்ட விவரத்தைச் சொன்னார். சிவப்பு வந்தால் நீங்கள் இரண்டாம் முறை கேட்பீர்களா என்று கேட்டார். பின்வரிசையில் சிலர் இல்லை என்று தலையாட்டினார்கள்.

அப்போதுதான் அக்கா எழுந்தாள். "கல்யாணத்துக்குப் பூக் கேப்பமுங்க. தாகமுன்னு வந்தவனுக்குத் தண்ணி குடுக்கறதுக்குப் பூக் கேப்பமுங்களா?"

கூடப்பிறந்தவள் என்பதற்காகச் சொல்லவில்லை. அந்த மண்டபத்தில் அதைவிட நல்ல கேள்வி ஒன்றை யாரும் கேட்கவில்லை. எந்த ஆராய்ச்சிக் கூட்டத்திலும் டாக்டரை யாரும் அப்படி நிறுத்தியதில்லை. கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார்.

"கேக்க மாட்டமுங்க அம்மணி. ஆனா சொம்புல இருக்கறது தண்ணிதானான்னு எனக்கே தெரியலீங்க. தெரியாம நீட்டி, அதுக்கு உங்க சங்கிலிய வாங்கிக்கக் கூடாதுங்க."

அக்கா கை தன்னால் கழுத்துக்குப் போனது. உட்கார்ந்துவிட்டாள்.

கோபம் இல்லாமல் இல்லை. சிலர் எழுந்து போனார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் பணப்பையை இடுப்பிலேயே செருகிக்கொண்டார்கள். பொருளாளர் தட்டை நீட்டவா வேண்டாமா என்று தலைவரைப் பார்த்தார். மழை பெய்தால் மீதி என்பதுதானே பேச்சு, மழை பெய்ததே என்று தலைவர் ஒரு நியாயத்துக்குச் சொன்னார். டாக்டர் தட்டைத் தொடவில்லை. கடைசியில் தலைவர் மாலையை நாற்காலி மேல் போட்டுவிட்டு, "சரிங்க. எலை போட்டாச்சு. சாப்ட்டுப்போட்டுப் போங்க" என்றார். எங்கள் ஊர்க் கோபம் அப்படிப்பட்டது. டாக்டர் பந்தியில் உட்கார்ந்து, எதுவும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். பரிமாற வந்த அக்கா அவருக்கு இரண்டாம் முறை ரசம் ஊற்றினாள். என் இலைக்கு வரவேயில்லை. பல மாதம் என்னோடு பேசவும் இல்லை. அந்தச் சங்கிலி மட்டும் அடகுக்குப் போகவில்லை. இன்றைக்கும் அவள் கழுத்தில் கிடக்கிறது.

செருப்படி என்று வீடியோவில் சொல்கிறார்களே, அது நடந்த விதம் இதுதான்.

சோதனை அதோடு முடிந்தது. மருந்து வேலை செய்கிறதா என்று கேட்டவர்களுக்கெல்லாம் டாக்டர் "தெரியாதுங்க" என்றே எழுதினார். மருந்து விற்பவர்கள் துரோகி என்றார்கள். மருந்தே மோசடி என்று பேசுகிறவர்கள், வேலை செய்யாது என்று துணிந்து சொல்லாத கோழை என்றார்கள். கூட இருந்த விஞ்ஞானிகள், தன் சோதனையைத் தன் வாயாலேயே கெடுத்துக்கொண்ட ஆள் என்றார்கள். அது மட்டும் உண்மை. நான் அதற்குப் பிறகும் அவரிடமே இருந்தேன். காற்றாலைக்காரர்களுக்குக் காற்றின் போக்கைப் பார்த்துச் சொல்லும் வேலையில் கொட்டகை ஓடிற்று. எனக்கு வயதாகி வேலையை விட்டு நிற்கும் வரை ஒரு சிலிண்டரும் கசிந்ததில்லை, ஒரு பலூனும் கையில் வெடித்ததில்லை.

அன்று மண்டபத்திலிருந்து திரும்பும்போது வேனில் டாக்டர், "நாச்சிமுத்து, உங்க ரெண்டு பேர் சம்பளமும் தட்டோட போச்சுங்க" என்றார். பாய், தட்டு கனமாகத்தான் இருந்தது என்று சிரித்தார். பாயின் பங்கை டாக்டர் அந்த வருடமே எப்படியோ கொடுத்துவிட்டார். என் பங்கைப் பொங்கலுக்குப் பொங்கல் நினைவுபடுத்துவார், இருக்கட்டுங்க என்பேன். அவர் காலமான பிறகு அவர் மகள் வந்து, அப்பா உங்களுக்கு ஏதாவது தர வேண்டியிருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்ற சொல் நாக்கு வரை வந்தது. உடனே, எப்படித் தெரியும் என்று டாக்டர் குரல் காதில் கேட்டது. இருக்குதுங்க அம்மணி, ஆனால் வாங்க மாட்டேன் என்றேன். வாங்கிவிட்டால், அந்தத் தட்டை அவர் தொடாமல் விட்டதில் எனக்கு இருக்கும் பங்கு போய்விடும். எவ்வளவு என்று மகள் விடாமல் கேட்டதால் சொன்னேன். இங்கேயும் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு வீடியோவில் யாரும் கூட்டியோ குறைத்தோ சொல்லக் கூடாது. ஏழாயிரத்து இருநூறு ரூபாய்.